அம்மாவுக்கு ஆள் வைப்பதா, பகல் மையமா, அண்ணன் வீடா?

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடி அக்காவின் மாமனாருக்கு மறதிநோய் என்று போன மாதம் உறுதியாயிற்று. பெங்களூர் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் விடியற்காலை வரிசையில் நின்று, ஸ்கேன் எடுத்து, மருந்துச் சீட்டோடு திரும்பிய அக்கா லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் ஐந்து வருடமாக அம்மாவைப் பார்த்துக்கொள்கிறீர்களே, எதுதான் நல்லது? ஆள் வைத்துவிடலாமா? பகலில் கொண்டுபோய் விடுகிற இடமெல்லாம் இருக்கிறதாமே? இல்லை, கொழுந்தனாரோடு முறை வைத்துக்கொள்ளலாமா?" நான் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் கீழே வந்துவிட்டது. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். மறதிநோயாளியின் மகளுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "உன்னையும் கொஞ்சம் கவனித்துக்கொள்." நடைப்பயிற்சி, யோகா, பிடித்த பாட்டு, நல்ல தூக்கம் என்று பட்டியலும் கூடவே வரும். அல்சூர் ஏரிக்கரை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. நான் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினால், அம்மா அதே கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவாள். எனக்குப் பதிலாக அம்மாவின் பக்கத்தில் யார் உட்கார்வது என்பதைச் சொல்லாமல் நடக்கப் போ என்பது, கையில் கரண்டியைக் கொடுக்காமல் கிளறு என்பதைப் போல.

அதனால் இந்த ஏற்பாடுகளை ஒப்பிட நான் ஒரே ஒரு அளவுகோல்தான் வைத்திருக்கிறேன். இது எனக்கு எந்த மணி நேரத்தைத் திருப்பித் தரும்? பகலையா, இரவையா, அல்லது வேலை முடிந்த பிறகும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் மனதின் நேரத்தையா? நல்ல ஏற்பாடு, மோசமான ஏற்பாடு என்று பொதுவாக எதுவும் கிடையாது. நமக்குத் தேவையான நேரத்தை விட்டுவிட்டு வேறொரு நேரத்தைத் தரும் ஏற்பாட்டுக்குப் பணம் கொடுப்பதுதான் வீண். நான் அப்படித்தான் கொடுத்தேன்.

எனக்கு எந்த நேரம் தேவை என்பதே எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டுவதுதான் பெரிய சுமை என்று நினைத்திருந்தேன். முதுகு வலிப்பது அப்போதுதான், கூச்சலும் அப்போதுதான். பிறகு ஒரு வாரம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்தேன். குளியலுக்கு நாளைக்கு 40 நிமிடம். சாப்பாடு ஊட்ட இரண்டு மணி நேரம். இரவில் நான் எழுந்தது, ஏழு நாளில் 31 முறை. தொடர்ந்து தூங்கிய மிக நீண்ட தூக்கம் இரண்டு மணி பத்து நிமிடம். நோட்டைப் பார்த்த பிறகுதான் பகலில் ஏன் எல்லோர்மீதும் எரிந்து விழுகிறேன் என்பது புரிந்தது. அம்மாவின் பிடிவாதமோ என் குணமோ அதற்குக் காரணமாக இருக்கவில்லை.

மருத்துவமனைகளில் இதை அளக்க ஸாரிட் கேள்வித்தாள் என்ற ஒன்றைத் தருவார்கள். 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. உங்களுக்கென்று நேரமே இல்லை என்று தோன்றுகிறதா, உங்கள் உடல்நலம் கெட்டுவிட்டதாக நினைக்கிறீர்களா என்ற மாதிரிக் கேள்விகள். என் மதிப்பெண்ணைச் சொல்லப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில்கூட நான் அவ்வளவு வாங்கியதில்லை.

உடம்பும் தன் பங்குக்குக் கணக்கு வைத்துக்கொள்கிறது. 1995இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. மறதிநோயாளியான உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்கள், கிட்டத்தட்ட அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோருடைய முன்னங்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னப் புண் ஒன்றை உண்டாக்கி, ஆறும்வரை காத்திருந்தார்கள். முதல் குழுவினருக்கு ஆறுவதற்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. அரிவாள்மணையில் பட்ட வெட்டு எனக்கு ஒரு மாதமாகியும் ஆறாதபோது சர்க்கரை இருக்கிறதோ என்று பரிசோதித்துப் பார்த்தேன். இல்லை.

சரி, ஏற்பாடுகளுக்கு வருவோம். பெங்களூரில் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது ஹோம் நர்ஸ். பெயர்தான் நர்ஸ்; வருகிறவர்களில் பெரும்பாலோர் நர்ஸ் படிப்புப் படித்தவர்கள் அல்லர், வேலையில் பழகியவர்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மூக்குக்குழாயோ சிறுநீர்க் குழாயோ இருந்தால் படித்த நர்ஸைத்தான் கேட்க வேண்டும், அதற்குக் கட்டணமும் வேறு. நடந்து திரிகிற அம்மாவுக்கு, பொறுமையுள்ள ஓர் ஆள் போதும்.

நான் ஒரு ஏஜென்சி மூலமாக வீட்டோடு தங்கும் ஆளை வைத்தேன். மாதம் 28,000 ரூபாய், சாப்பாடு நம்முடையது, முன்பணம் தனி. ஐந்து வாரத்தில் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்குப் புதிய முகம், எனக்கு முதலிலிருந்து பாடம். சர்க்கரை டப்பா எங்கே, மாத்திரை எப்போது, கழிவறைக் கதவின் தாழ்ப்பாளை ஏன் கழற்றி வைத்திருக்கிறோம் என்பது வரை. ஆள் மாறும் நாள்களுக்கும் ஏஜென்சி பணம் பிடித்துக்கொண்டது. அதற்காகத் தொலைபேசியில் சண்டை போட்ட நேரத்தையும் நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மொழி. இது நம்மைப் போன்ற பெங்களூர்த் தமிழர்களுக்கென்றே வாய்த்தது. அம்மா ஆரணிக்காரி. 1968இல் கல்யாணமாகி இங்கே வந்தவள். அப்பாவுக்கு ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை. ஐம்பது வருடம் காய்கறிக்காரரிடமும் பால்காரரிடமும் கன்னடத்தில் பேரம் பேசியவள். பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மாவிடம் தெலுங்கில் வம்பளந்தவள். நோய் முற்ற முற்ற, கடைசியில் கற்றது முதலில் போயிற்று. இன்று மிஞ்சியிருப்பது ஆரணித் தமிழ் மட்டும். வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களோ ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகர்நாடகத்திலிருந்தும் வருகிறார்கள். இரண்டாவதாக வந்த பெண் நல்ல பெண். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, தண்ணீர், வலி, பசி, போதும், பயம் என்ற ஐந்து தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டாள். அவள் இருந்த பதினொரு நாளும் அம்மா அவளைத் தன் தங்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாகிப் போய்விட்டாள். அடுத்து வந்தவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. ஒவ்வொரு தேவைக்கும் இருவரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆளும் வைத்து, மொழிபெயர்ப்பாளர் வேலையும் நானே பார்த்தேன்.

வீட்டோடு தங்கும் ஆள் என்ற சொல்லிலேயே ஒரு பொய் இருக்கிறது. ஒரு மனுஷி 24 மணி நேரம் வேலை செய்ய முடியாது. பகலெல்லாம் அம்மாவின் பின்னால் நடந்தவர் இரவில் நான்கு முறை எழுந்திருக்க மாட்டார், எழுந்திருக்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆக மாதம் 28,000 கொடுத்தும் இரவு என்னுடையதாகவே இருந்தது. நோட்டு சொன்னதற்கு நேர் எதிரான நேரத்தை வாங்கியிருக்கிறேன்.

பிறகு ஏஜென்சியை விட்டுவிட்டு, மருந்துக்கடைக்காரரிடமும் கோவில் வாசலில் பூக்கட்டும் அம்மாவிடமும் சொல்லிவைத்தேன். மர்ஃபி டவுனிலிருந்து ஐம்பது வயதுப் பெண் ஒருவர் கிடைத்தார். தமிழ்தான் பேசுவார். இரவு எட்டரை முதல் காலை ஆறரை வரை, ஓர் இரவுக்கு 800 ரூபாய், வாரம் நான்கு இரவு. மாதம் 17 இரவென்று வைத்தால் 13,600. முதல் வாரம் அவர் இருந்தும் பழக்கதோஷத்தில் நான்கு முறை எழுந்து எட்டிப்பார்த்தேன். மூன்றாம் வாரம் ஆறு மணி நேரம் தூங்கினேன். அதன் பிறகுதான் ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிந்தது.

இப்படி ஆள் தேடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: பகலில் வேறு வீட்டிலும் வேலை செய்கிறாரா? செய்தால் இரவில் அவர் தூங்கத்தான் செய்வார். முந்தைய வீட்டின் தொலைபேசி எண்ணை வாங்கிப் பேசுங்கள், ஆதார் நகல் வாங்குங்கள், நகையைப் பூட்டி வையுங்கள். அவருக்கும் ஒரு கட்டில், சூடான காபி, வார விடுமுறை கொடுங்கள். இதற்குமேல் அந்த விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆள் வைக்கப் பணம் இல்லாதவர்களுக்கும் இரவை ஓரளவு மீட்க வழி இருக்கிறது. வாசற்கதவு திறந்தால் மணியடிக்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்தான். அம்மா எழுந்தாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு அரைத்தூக்கம் தூங்க வேண்டியதில்லை, அதுவே எழுப்பும். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு முழுக்கச் சிறு விளக்கு. மாலை நான்கு மணிக்குப் பிறகு டீ கிடையாது. மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் கிடையாது. இந்த நான்கையும் செய்த பிறகு 31 முறை 20 சொச்சமாகக் குறைந்தது. தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாகவே தொடங்காதீர்கள். இந்த நோயில் சில மாத்திரைகள் குழப்பத்தையும் விழுவதையும் கூட்டிவிடும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது பகல் மையம். நோயின் இரண்டாம் வருடத்தில் அம்மாவை வாரம் மூன்று நாள் ஒரு மையத்துக்கு அழைத்துப்போனேன். இந்த நகரத்தில் மறதிநோய்க்கென்றே இயங்கும் அமைப்புகள் உண்டு என்பது நமக்கு ஒரு வசதி. 1998இல் தொடங்கிய நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் கஸ்தூரிநகரில் மறதிநோயாளிகளுக்கென்றே தங்கும் மையம் நடத்துகிறது. அல்சைமர் நோயாளிகளுக்கான தேசிய அமைப்பான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. 1992இல் கேரளத்தில் தொடங்கியது; அதற்குப் பெங்களூரிலும் கிளை இருக்கிறது. நாங்கள் போனது வேறொரு சிறிய இடம், ஒன்பது கிலோமீட்டர் தூரம்.

பெங்களூரில் ஒன்பது கிலோமீட்டர் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். மையம் காலை பத்து முதல் மாலை நான்கு வரை, ஆறு மணி நேரம். கொண்டுபோய் விட்டு வீடு திரும்பி, மறுபடி போய் அழைத்துவர, பழைய மெட்ராஸ் சாலையில் எனக்கு மூன்று மணி நேரம் போயிற்று. கையில் நின்றது மூன்று மணி. ஆட்டோவுக்குக் கொடுத்தது மையத்தின் கட்டணத்தை எட்டிப்பிடித்தது. பார்த்தால் நஷ்டக் கணக்கு.

ஆனால் நோட்டு வேறு கதை சொன்னது. மையத்துக்குப் போன நாள்களில் அம்மா பகலில் தூங்கவில்லை. அங்கே பந்து தட்டினாள், பருப்பில் கல் பொறுக்கினாள், கோலம் போட்டாள். கன்னடம் மட்டும் பேசும் ஒரு பாட்டியோடு தமிழில் மட்டும் பேசி, மணிக்கணக்காகக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவரும் எதைப் பற்றிப் பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்தால் மாலை நேரக் குழப்பம் குறைவு, இரவில் இரண்டு முறைதான் எழுவாள். பகல் மையம் எனக்குப் பகலைவிட இரவைத்தான் அதிகமாகக் கொடுத்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பதினான்கு மாதம் அப்படி ஓடிற்று. பிறகு அம்மா ஆட்டோவில் ஏற மறுத்தாள், சிறுநீர் கட்டுப்பாடு போயிற்று, மையத்திலும் தயங்கினார்கள். பகல் மையத்துக்கு ஒரு பருவம் உண்டு. நடக்கிற, பிறரோடு உட்கார்கிற, சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிற நிலையில்தான் அது பலன் தரும். "இன்னும் அவ்வளவு மோசமில்லையே, பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள், மோசமான பிறகு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள். சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன் வேன் வருமா என்று கேளுங்கள். வேன் இருந்தால் ஆறு மணி நேரமும் உங்களுக்கே.

இனி முறை வைப்பது. நம் குடும்பங்களில் இதுதான் தர்மம் என்று பேர். அண்ணன் கோயம்புத்தூரில். மூன்று மாதம் அங்கே, மூன்று மாதம் இங்கே என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தார்கள். அம்மா பத்தொன்பதே நாளில் திரும்பி வந்தாள். அங்கே கழிவறை இருக்க வேண்டிய இடத்தில் அலமாரி இருந்தது. இரவில் அம்மா அலமாரியைத் திறந்து திறந்து பார்த்தாள். இங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்ததெல்லாம் அங்கே மறந்துபோயிற்று. திரும்பி வந்த பிறகும் அதில் பாதிதான் மீண்டது. மறதிநோய் வந்தவருக்கு வீட்டின் அமைப்பே பாதி ஞாபகம். பக்கவாதமோ முழங்கால் அறுவையோ ஆன பெற்றோர் என்றால் முறை வைக்கலாம், அவர்களுக்கு அது மாறுதலாகக்கூட இருக்கும். மறதிநோய் என்றால் நோயாளியை இடம் மாற்றாமல் பார்த்துக்கொள்பவர் இடம் மாற வேண்டும்.

அண்ணன் மே மாதத்தில் எட்டு நாள் இங்கே வந்து இருந்தார். நானும் கணவரும் குற்றாலம் போனோம். மூன்றாம் நாள் இரவு அண்ணனிடமிருந்து தொலைபேசி. "ஏம்மா, இதை எப்படி நீ தினமும் செய்கிறாய்?" அவ்வளவுதான் கேட்டார். பணம் அனுப்பிவிட்டால் பங்கு தீர்ந்துவிடுமா என்று ஒரு காலத்தில் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அந்த 13,600 ரூபாய் அவருடையது. முதல் தேதி தவறாமல் வருகிறது, என் தூக்கம் அதில்தான் ஓடுகிறது. உடம்பால் முடியாதவர் பணத்தால் செய்யட்டும்; ஆனால் 'அம்மா செலவுக்கு' என்று பொத்தாம்பொதுவாக வாங்காமல், இன்ன இரவுகளுக்கு என்று பெயரிட்டு வாங்குங்கள். அப்போது இரு தரப்புக்கும் மனத்தாங்கல் இருக்காது.

சில நாள்களுக்கு மட்டும் முதியோர் மையத்தில் தங்கவைப்பதும் உண்டு. எனக்குப் பித்தப்பை அறுவை நடந்தபோது அம்மாவை 12 நாள் அப்படி விட்டேன். சொந்தக்காரர்களில் ஒருத்தி, "முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டாளாமே" என்று வேலூர் வரைக்கும் சேதி பரப்பினாள். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அம்மா இரண்டு கிலோ இளைத்து, ஒரு வாரம் குழம்பித் திரும்பினாள். நானும் தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். பகலும் இரவும் இரண்டுமே கிடைக்கும் ஒரே ஏற்பாடு இதுதான். மனதின் நேரம் மட்டும் கிடைக்காது, திரும்பி வந்ததும் ஒரு வாரம் வட்டி கட்ட வேண்டியிருக்கும். அறுவை, கல்யாணம், பிரசவம் என்று காரணம் இருக்கும்போது தயங்காமல் செய்யலாம். ஆனால் இடத்தை முன்கூட்டியே, தேவையில்லாத நாளில் போய்ப் பார்த்துவைக்க வேண்டும். உடைந்துபோகிற நாளில் தேடினால் கிடைத்த இடத்தில் விட்டுவிட்டு வருவோம். முற்றிய புற்றுநோய் என்றால் கதை வேறு. மாரத்தஹள்ளிப் பக்கம் 1999 முதல் இயங்கும் கருணாஷ்ரயா அவர்களைக் கட்டணமில்லாமல் வைத்துப் பார்க்கிறது.

கடைசியாக, மனதின் நேரம். இதற்கு ஆலோசனை, யோகா என்று பலரும் சொல்வதை நான் நீண்ட நாள் அலட்சியப்படுத்தினேன். பாதி சரி, பாதி தவறு.

14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. அதன் தலைமை மையம் நம் நிமான்ஸ்தான். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். இதை 14567 என்ற எல்டர்லைனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது முதியவருக்கானது, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. 14416 உங்களுக்கானது. ஒரு நள்ளிரவில், அம்மாவின் கையை அழுத்திப் பிடித்து இழுத்துவிட்டு, நானே பயந்துபோய் அந்த எண்ணை அழைத்தேன். பெரிய தீர்வு எதையும் அவர்கள் சொல்லவில்லை. நான் சொன்னதை யாரோ தமிழில் முழுக்கக் கேட்டார்கள். அந்த இரவுக்கு அது போதுமாக இருந்தது. அடிக்கக் கை ஓங்குவதும், செத்துவிடலாம் என்று தோன்றுவதும், வாரக்கணக்கில் சாப்பாடு இறங்காமல் இருப்பதும் நடைப்பயிற்சியால் தீர்கிற விஷயங்கள் அல்ல. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஆனால் எனக்கு உண்மையில் நேரத்தை மீட்டுக் கொடுத்தது ஆறுதல் பேச்சைவிட, அம்மாவைச் சமாளிக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டதுதான். ஆய்வுகளும் கிட்டத்தட்ட அதையே சொல்கின்றன. ஓய்வு மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனைகளை 2014இல் தொகுத்து ஆராய்ந்த, மருத்துவச் சோதனைகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கையால், அதில் தெளிவான பலன் இருப்பதாகக் காட்ட முடியவில்லை. சோதனைகளே கொஞ்சம் என்பதும் ஒரு காரணம். அதே நேரம், கோவாவில் 81 குடும்பங்களில் நடந்து 2008இல் வெளியான சோதனையில், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்கு வந்து நோயைப் பற்றியும் சமாளிக்கும் விதத்தைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தார்கள். பார்த்துக்கொள்கிறவர்களின் மனநிலை தேறியது. லண்டனில் 260 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு எட்டு அமர்வுகளாக இதுபோலச் சொல்லிக்கொடுத்த சோதனையும் 2013இல் நல்ல பலனைக் காட்டியது. ஓய்வெடுத்து முடித்துத் திரும்பியதும் அதே சண்டைக்குள் நுழைந்தால் ஓய்வு எத்தனை மணி நேரம் தாங்கும்?

என் சண்டை இது. தினமும் மாலை ஐந்து மணிக்கு அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வீட்டுக்குப் போகலாம்" என்பாள். ஒரு வருடம் முழுக்க நான், "இதுதானம்மா வீடு" என்றேன். மின்கட்டண ரசீதைக்கூடக் காட்டியிருக்கிறேன். அழுகை, கூச்சல், எட்டு மணிவரை. நிமான்ஸில் ஒரு சமூகப் பணியாளர் கேட்டார்: "எந்த வீடு என்று கேட்டிருக்கிறீர்களா?" கேட்டேன். ஆரணி வீடு. வாசலில் என்ன மரம் என்றேன். வேப்பமரம். யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்றேன். அதற்குள் அம்மா உட்கார்ந்துவிட்டாள். இருபது நிமிடத்தில் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறாள். இதற்கு 28,000 ரூபாயும் இல்லை, முன்பணமும் இல்லை. நாளைக்கு இரண்டரை மணி நேரம் கிடைத்தது.

யோகாவை நான் கேலி செய்யவில்லை. இரவுப் பெண் வரும் நாள்களின் மறுநாள் காலையில் அதற்கு உடம்பு வருகிறது. புதன்கிழமை மதியம் கணவர் வீட்டில் இருப்பதால், பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்கிறேன். பெரும்பாலும் படிப்பதில்லை. யாரும் கூப்பிடாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாம் மாடி அக்காவுக்கு வருகிறேன். நோட்டு எழுதுங்கள் என்று மட்டும் சொல்லியனுப்பினேன். எழுதினார். அவர் கணக்கு என்னுடையதைப் போல இல்லை. மாமனார் இரவில் நன்றாகத் தூங்குகிறார். மாலை நான்கு முதல் எட்டு வரைதான் வீடு ரணகளம். கல்லூரியிலிருந்து வரும் பேரனோடு முட்டிக்கொள்கிறார், மூன்று முறை தெருவுக்கு இறங்கிவிட்டார். இவர்களுக்கு வீட்டோடு தங்கும் ஆள் வீண்செலவு. மாமனார் இன்னும் நன்றாக நடக்கிறார், நாலு பேரோடு சீட்டாடுகிறார். பகல் மையத்தின் பருவம் இதுதான். வேன் உள்ள மையமாகப் பார்த்து வாரம் மூன்று நாள். மற்ற நாள்களில் மாலை ஐந்து மணிக்குப் பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவன் ஒருவனுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து ஏரிக்கரையில் நடத்திக் கூட்டிவரலாம். மாதம் பத்துப் பதினைந்தாயிரத்துக்குள் அடங்கும்.

இதே கேள்வியை எழுபது வயதுக் கணவர் ஒருவர், மனைவிக்காகக் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், துணையைப் பார்த்துக்கொண்டு அதனால் மனச்சுமைக்கு ஆளான 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாதவர்களைவிட நான்கு வருடத்துக்குள் இறந்துபோகும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்த வீட்டுக்கு நோட்டெல்லாம் பிறகு. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், பணம் போதாவிட்டால் பிள்ளைகள் வந்து தங்கியாவது, முதலில் ஆள் வேண்டும்.

அக்கா வியாழக்கிழமை இரண்டு மையங்களைப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றில் வேன் இல்லை. இன்னொன்றில் வேன் அல்சூர் மெட்ரோ நிலையம் வரைதான் வருமாம். அதுவரை மாமனாரை நடத்திக் கூட்டிப்போவது யார் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கொழுந்தனார் ஓசூரில் இருக்கிறார். சனிக்கிழமைதோறும் இங்கே வந்து ஓர் இரவு தங்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.